டொங்கிள் எந்த வகுப்பு?

நமுனுகுல பக்கம் லயத்துக்குள்ள சிக்னல் கிடைக்கிறதே பெரிய விஷயம். அதிலயும் பழைய யூஎஸ்பி டொங்கிள் சிலதை லினக்ஸ் போட்ட லெப்டொப்பில் செருகினால், அது "நான் ஒரு சீடி டிரைவ்" என்று சொல்லும். பழுதில்லை. விண்டோஸுக்கான டிரைவரை உள்ளேயே வைத்திருப்பதால், முதலில் அப்படிச் சொல்லும்படிதான் செய்திருக்கிறார்கள். கேர்னலும் நம்பி, அந்த வகுப்பில் போட்டுவிடும். பிறகு யூஎஸ்பி மோட்சுவிட்ச் என்ற சின்ன புரோகிராம் ஒரு செய்தி அனுப்பும். டொங்கிள் கழன்று திரும்ப வந்த மாதிரி, மோடமாகப் பதியும். உள்ளே இருப்பது அதே சிப்தான்.

யூஎஸ்பியில் ஒவ்வொரு சாதனமும் தன் வகுப்பைச் சொல்ல ஒரு எண்ணோடு வரும். கீபோர்ட், மவுஸுக்கு 3. பென் டிரைவுக்கு 8. லினக்ஸில் 'சிஸ்' என்ற அடைவைத் திறந்தால் 'பஸ்', 'கிளாஸ்' என்று இரண்டு தனித்தனியாக இருக்கும். வந்த வழி ஒன்றில், செய்யும் வேலை மற்றதில். உள்ளேயே பொருத்திய வைஃபை பிசிஐ வழியாக வந்தது, வெளியே செருகியது யூஎஸ்பி வழியாக வந்தது. இரண்டும் 'நெட்' வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில். பிரவுசர் எதிடமும் "நீ எங்கேயிருந்து வந்தாய்?" என்று கேட்பதில்லை. அதற்காக வந்த வழி அழிவதுமில்லை, இணைப்பு ஒன்று இருக்கும். மைக் உள்ள வெப்கேம் என்றால் வீடியோவிலும் இருக்கும், சவுண்டிலும் இருக்கும்.

எங்களுக்கு இது நடக்கவில்லை. 1911 குடிசன மதிப்பீட்டில் 'இந்தியத் தமிழர்' என்று தனியாகப் பிரித்தார்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் பெற்றோரின் இனத்துக்கு நேரே அதே சொல். பஸ்ஸின் பெயரையே வகுப்பாக எழுதிய கதை. லினக்ஸ் 2.6 இந்த 'சிஸ்' அடைவோடு வந்தது 2003 டிசம்பரில். எஞ்சியிருந்த எங்கட ஆட்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டமும் 2003இல்தான். தற்செயல்தான், ஆனாலும் கவனிக்காமல் போக முடியவில்லை.

வேலையை வைத்து வகுத்தால் சரியா? அதுவும் சிக்கல்தான். புள்ளிவிபரங்களில் நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்று துறை. லயத்திலிருந்து தினமும் பதுளைக்குப் போய்ப் படிப்பிக்கும் டீச்சரும் 'தோட்டம்'தான்.

வகுப்பே வேண்டாம் என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. எந்த டிரைவரும் பொறுப்பெடுக்காத சாதனம் கரண்ட் மட்டும் குடித்துக்கொண்டு சும்மா கிடக்கும். தோட்டம் என்ற நிரல் இல்லாவிட்டால் அங்குள்ள வறுமை கிராமக் கணக்குக்குள் கரைந்துபோகும், பிறகு எதைக் காட்டி வீடு கேட்பது? நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: வந்த வழிக்கு ஒரு கட்டம், இப்போது யார் என்பதற்கு வேறொரு கட்டம், ஒன்றுக்கு மேல் குறிக்கவும் இடம். மலையகத் தமிழர் என்று எழுதுகிற பேனா எங்கட கையில்.