இரண்டு தேசம் யாருக்கு? ஒன்றும் இல்லாதவர் யார்?

பெரம்பலூர் மாவட்டத்தில் சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன செட்டிகுளம் இருக்கிறது. கடலுக்கு அப்பால், இலங்கையின் வவுனியா மாவட்டத்திலும் ஒரு செட்டிகுளம் இருக்கிறது. அங்கேதான் 2009இல், யுத்தம் முடிந்த கையோடு, மெனிக் பார்ம் முகாமில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ் மக்களை முள்வேலிக்குள் அடைத்து வைத்தார்கள். பெயர் ஒன்று, மொழி ஒன்று. ஆனால் இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே தடையின்றிப் போய்வர யாரால் முடியும், யாரால் முடியாது? இதைக் கேட்டுப் பார்த்தால், பாஸ்போர்ட் என்னும் சிறு புத்தகத்துக்குள் ஒளிந்திருக்கும் வர்க்க நியாயம் வெளிச்சத்துக்கு வரும்.

இந்தியா இரட்டைப் பிரஜா உரிமையை ஒப்புக்கொள்வதில்லை. அரசியல் சட்டத்தின் 9ஆவது ஷரத்து அப்படிச் சொல்கிறது. ஆனாலும் 2005இல் பிரஜா உரிமைச் சட்டத்தைத் திருத்தி, கடல் கடந்த இந்தியர் அட்டைக்கு வழி விரிவாக்கினார்கள். அமெரிக்க, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருக்கும் இந்திய வம்சாவளியினர் இந்த அட்டையைக் காட்டி ஆயுள் முழுவதும் வரலாம், போகலாம். வோட்டு இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது. மற்றபடி வாசல் திறந்தே இருக்கிறது. இலங்கையிலோ, கட்டணம் கட்ட வசதியுள்ளவர்களுக்கு இரட்டைப் பிரஜா உரிமையே சட்டப்படி கிடைக்கிறது. ராஜபக்ச குடும்பத்துக்காரரான பசில், அமெரிக்கப் பிரஜையாகவும் இருந்துகொண்டே 2021இல் நிதி மந்திரியானார். 2022இல் மக்கள் கிளர்ந்தெழுந்த பிறகுதான் இத்தகையோருக்குப் பார்லிமெண்ட் கதவு மீண்டும் மூடப்பட்டது.

வெளிநாட்டில் உழைத்து, பெற்றோரைப் பார்க்க ஊர் திரும்பும் பிள்ளைகள் மீது நமக்குப் பொறாமை இல்லை. தாராளமாக வரட்டும். நமது கேள்வி வேறு. இரண்டு தேசங்களுக்கும் உழைத்துக் கொடுத்தவனுக்கு ஒரு தேசமாவது கிடைத்ததா?

வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் பழைய திருச்சி ஜில்லாவிலிருந்தும் மற்ற தமிழ் ஜில்லாக்களிலிருந்தும் ஏழை விவசாயக் கூலிகளைக் கங்காணி மூலம் திரட்டி, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். காட்டை அழித்து மலையைப் பசுமையாக்கியவர்கள் அவர்கள். சுதந்திரம் வந்த 1948லேயே, புதிய பிரஜா உரிமைச் சட்டம் சுமார் ஏழு லட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. மறு ஆண்டு வோட்டும் பறிபோனது. தொழிலாளர் வோட்டு இடதுசாரிகளுக்குப் பலம் சேர்த்ததுதான் ஆளும் வர்க்கத்தின் கண்ணை உறுத்தியது.

1964 அக்டோபர் 30இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்தார்கள். 9 லட்சத்து 75 ஆயிரம் மனிதர்களை ஆட்டு மந்தையைப் போலப் பங்கு போட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி பிறகு பார்த்துக்கொள்ளலாம்! அந்தத் தொழிலாளியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோருக்கு உரிமை வழங்கும் சட்டம் வர 2003 ஆயிற்று.

இன்றும் கதை முடியவில்லை. 1983க்குப் பின் உயிர் தப்பி வந்தோரில் ஏறத்தாழ 58 ஆயிரம் பேர் தமிழ்நாட்டின் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் இருப்பதாக 2021இல் கணக்குச் சொல்லப்பட்டது. அவர்களில் மலையகத் தொழிலாளரின் வாரிசுகளும் உண்டு. இங்கேயே பிறந்து, படித்து, மணமுடித்தவர்களும் உண்டு. 2003ஆம் ஆண்டுத் திருத்தம் அவர்கள் மீது 'சட்டவிரோதக் குடியேறி' என்று முத்திரை குத்த வழி செய்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் மூன்று அண்டை நாடுகளை எண்ணி எடுத்தது, இலங்கையை விட்டுவிட்டது. 2021இல் மாநில அரசு 'அகதி முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்தவர்கள் மீது பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்துக்கு வழக்கில்லை என்று 2025 செப்டம்பரில் மத்திய சர்க்கார் அறிவித்தது. நல்லதுதான். ஆனால் வழக்கில்லை என்பது வேறு, வாக்குரிமை என்பது வேறு. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் 2023இல் கப்பல் விட்டார்கள். பாஸ்போர்ட் இல்லாதவனுக்கு அது கரையில் நின்று பார்க்கும் கப்பலே.

பாஸ்போர்ட் உள்ள நம் தொழிலாளியின் நிலையும் மெச்சத்தக்கதல்ல. பத்தாவது தேறாதவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகத் தனி அனுமதி வாங்க வேண்டும். 2018 ஜனவரியில் அவர்களுக்கென்று ஆரஞ்சு நிறப் பாஸ்போர்ட் கொடுக்கப் போவதாக அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் அதே மாதம் கைவிட்டார்கள். அங்கே போய் இறங்கினாலோ, பல முதலாளிகள் அந்தப் புத்தகத்தை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுகிறார்கள்.

ஆகவே நாம் கோருகிறோம்: முகாம்களில் வாழ்வோரில் இங்கேயே இருக்க விரும்புவோருக்கு இந்தியப் பிரஜா உரிமை கொடு! திரும்ப விரும்புவோருக்கு நிலமும் வீடும் பெற்றுத் தர இலங்கை அரசுடன் பேசு! வெளிநாடு சென்ற தொழிலாளியின் பாஸ்போர்ட் அவன் கையிலேயே இருக்கத் தூதரகங்கள் மூலம் நடவடிக்கை எடு!

செட்டிகுளத்து வயல்களில் வெங்காயம் பறிக்கும் தோழர்களே, ஆலைத் தொழிலாளத் தோழர்களே! முகாமில் இருப்பவன் உங்கள் கூலியைப் பறிக்க வந்தவன் அல்ல. உரிமையற்றவனைக் குறைந்த கூலிக்கு வேலை வாங்கி, அதைக் காட்டி உங்கள் கூலியையும் வெட்டுபவன் முதலாளிதான். சங்கக் கூட்டங்களில் முகாம் மக்களையும் அருகில் அமர்த்துங்கள். அவர்கள் கோரிக்கையை உங்கள் கோரிக்கையோடு சேர்த்து எழுதுங்கள்.