தீபாவளி மிட்டாயில் பிள்ளைகளின் கை பட வேண்டும்

ஐப்பசித் திங்கள் பிறந்துவிட்டால் தஞ்சோங் ரம்புத்தானில் பிற்பகல்தோறும் வானம் கறுக்கிறது. இடியும் மழையும் வந்து போகின்றன. ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர்காலம் என நம் முன்னோர் வகுத்தனர். குளிர்நாடுகளில் இதே பருவத்தில் மரங்கள் இலை உதிர்க்கின்றன. நம் நாட்டுப் பால்மரமோ தை, மாசி வரையில் பொறுத்திருந்தே இலை உதிர்க்கும். இலை உதிரினும் உதிராவிடினும், உலகின் பல பகுதிகளில் மக்கள் இப்பருவத்தில் விளக்கேற்றுகின்றனர், இனிப்புச் செய்கின்றனர், அதனை அண்டை வீட்டாரோடு பகிர்ந்துகொள்கின்றனர். நமக்கு அத்திருநாள் தீபாவளி.

அத்திருநாளுக்குரிய இனிப்பை வீட்டில் செய்வதா, கடையில் வாங்குவதா என்னும் வினா இன்று பல இல்லங்களில் எழுவதேயில்லை. விடை முன்னரே முடிவாகிவிட்டது. ஈப்போ நகரக் கடைகளிலும் இரவுச் சந்தையிலும் சிவப்பு மூடியிட்ட போத்தல்களில் அடுக்கடுக்காகப் பலகாரம் காத்திருக்கிறது. பணம் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் பண்டிகை வீட்டுக்கு வந்துவிடுகிறது.

பெற்றோரைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் முறைவேலை பார்த்துவிட்டு இரவில் வீடு திரும்பும் தாயிடம் பத்து வகைப் பலகாரம் கேட்பது அறமாகாது. முறுக்கையும் அதிரசத்தையும் வேண்டுமாயின் கடையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்றை மட்டும் வீட்டில் செய்யுங்கள். அவ்வொன்றையும் பிள்ளைகளின் கையால் உருட்டச் செய்யுங்கள். அவர்கள் கையாலேயே அழகுபடுத்தச் செய்யுங்கள். தேங்காய் மிட்டாயாக இருக்கட்டும், நெய் உருண்டையாக இருக்கட்டும், அடுப்பே வேண்டாத பால்மாவு உருண்டையாகவும் இருக்கட்டும். இதுவே நமது வேண்டுகோள். ஆண்டு மலரில் தலைமையாசிரியர் மிட்டாயைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் நகைக்கக்கூடும். காரணம் உண்டு.

சென்ற ஆண்டு ஐந்தாம் ஆண்டு வகுப்பில், “கம்பிப் பதம் என்றால் என்ன?” என்று வினவினோம். வகுப்பு அமைதியாக இருந்தது. சற்றுப் பொறுத்து ஒரு மாணவன் எழுந்து, “வேலிக் கம்பிங்களா ஐயா?” என்றான். நாமும் சிரித்தோம், பிள்ளைகளும் சிரித்தனர். ஆயினும் அன்று மாலை முழுவதும் அவ்விடை நம் மனத்தை விட்டு அகலவில்லை. அப்பிள்ளையின் பாட்டியார் ஐம்பதாண்டுகளுக்கு முன் அதிகாலை எழுந்து, தலைவிளக்குக் கட்டிக்கொண்டு பால்மரம் சீவச் சென்றவர். பிற்பகலில் வீடு திரும்பி, லயத்து வீட்டின் பின்புறத்து விறகடுப்பில் பாகு காய்ச்சியவர். இன்று ஒரு வீடு, நாளை அடுத்த வீடு என்று முறைவைத்துப் பெண்கள் கூடிப் பலகாரம் சுட்ட காலம் அது. வெப்பமானியை அவர் கண்டதில்லை. விரலே அவருக்கு வெப்பமானி.

அவ்விரல் அறிந்ததைச் சற்றே விளக்குவோம். கொதிக்கும் பாகில் சிறிது எடுத்து ஆறவைத்துச் சுட்டுவிரலாலும் பெருவிரலாலும் தொட்டுப் பிரித்தால் நூல்போல் ஓர் இழை நீளும். அது ஒற்றைக் கம்பிப் பதம். தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு துளி விட்டுத் திரட்டினால், பழுத்த தக்காளிபோல் மெத்தென்று உருளும். அது அதிரசத்திற்குரிய தக்காளிப் பதம். இன்னும் காய்ச்சிய பின் அதே துளி கிண்ணத்தில் பட்டு ‘டங்’ கென்று ஒலிக்குமாயின், கடலை மிட்டாய்க்கு அதுவே தக்க நேரம். அறிவியல் நூல் இதனையே வேறு மொழியில் கூறும். தண்ணீர் 100 டிகிரி செல்சியசில் கொதிக்கும். சீனிப் பாகிலோ நீர் வற்றவற்றச் சூடு அதற்கும் மேலேறும். கம்பிப் பதத்தில் 105 டிகிரியைக் கடக்கும் பாகு, முற்றிய பதத்தில் 150 டிகிரி அளவை எட்டும். பாட்டியின் விரலும் ஆய்வுக்கூடத்து வெப்பமானியும் ஒரே உண்மையையே அளக்கின்றன. ஆயின், பாட்டியின் அளவைக்குத் தமிழில் பெயர் உண்டு. அச்செயல் வீட்டில் நின்றுபோனால் அப்பெயரும் வழங்காது ஒழியும். பாடநூலில் அச்சிட்டு அதனைக் காத்துவிடலாம் என்று எவரேனும் எண்ணினால், வேலிக் கம்பி என்ற விடையை நினைவூட்டுவோம்.

செய்து கற்றலே சிறந்த கற்றல் என்று ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் நமக்குப் போதித்தனர். 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலை நடுவில் வைத்தே கணக்கையும் மொழியையும் கற்பிக்க விழைந்தது. நூல் நூற்பதற்கு நம்மிடம் இராட்டை இல்லை. வாணலி எல்லா வீட்டிலும் உண்டு.

இனிப்பை அழகிய உருவாக வார்ப்பதில் பிள்ளைகளுக்கு இருக்கும் மகிழ்ச்சி உலகம் எங்கும் ஒன்றே. உத்தரப் பிரதேசத்தில் தீபாவளிக்குச் சீனிப் பாகை மர அச்சில் வார்த்து யானையும் குதிரையும் செய்வர். கர்நாடகத்தில் தைத்திங்கள் முதல்நாளை ஒட்டிச் சர்க்கரை அச்சுகள் செய்து, எள்ளும் வெல்லமும் சேர்த்துப் பகிர்ந்தளிப்பர். மெக்சிகோ நாட்டின் தொலூக்கா நகரில், இறந்தோரை நினைவுகூரும் நவம்பர்த் திருநாளை முன்னிட்டு, வண்ணம் தீட்டிய சீனி உருவங்களுக்கென்றே சந்தை கூடுகிறது. அவ்வளவு தொலைவு செல்வானேன்? நம் அடுத்த வீட்டுச் சீனக் குடும்பத்தார் எட்டாம் பிறையின் பதினைந்தாம் நாளில் நிலாப் பணியாரத்தைச் செதுக்கிய அச்சில் அழுத்திச் செய்கின்றனர்; சிறு கூடையில் வைத்த பன்றிக்குட்டி உருவப் பிஸ்கட்டைப் பிள்ளைகளுக்குத் தருகின்றனர். மலாய் வீடுகளில் மீன் வடிவிலும் பூ வடிவிலும் பாகுலு வேகிறது. அவர்கள் குவே லோயாங் என்பதும் நாம் அச்சு முறுக்கு என்பதும் உடன்பிறப்புகள். அச்சும் ஒன்று, எண்ணெயில் தோய்க்கும் முறையும் ஒன்று.

நமக்கென்று ஓர் உருவம் வேண்டாமா? நம் ஊரின் பெயரிலேயே அது இருக்கிறது. மலாய் மொழியில் ‘ரம்புத்’ என்பது முடி. மேனியெங்கும் முடி கொண்ட பழம் ரம்புத்தான். ஆகவே, சென்ற தீபாவளிக்கு முன் நம் பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் ‘ரம்புத்தான் மிட்டாய்’ செய்தோம். துருவிய தேங்காய் மூன்று குவளை, சீனி இரண்டு குவளை, பால் அரைக் குவளை, நெய் ஒரு கரண்டி. அடுப்பருகில் ஆசிரியைகள் மட்டுமே நின்றனர். கொதிக்கும் பாகு தோலில் ஒட்டிக்கொள்ளுமாதலால் வெந்நீரினும் கொடிதாகச் சுடும். வீட்டிலும் இதனை மறத்தல் ஆகாது. கலவை திரண்டு வாணலியை விட்டு விலகியதும் இறக்கி, கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறவைத்தனர். அதன்பின் பிள்ளைகள் உள்ளங்கையில் நெய் தடவிக்கொண்டு சிறு நெல்லிக்காய் அளவில் உருட்டினர். பீட்ரூட் சாற்றில் பிசறி உலர்த்திய தேங்காய்த் துருவலில் அவ்வுருண்டைகளைப் புரட்டினர். சிவந்த முடி வந்துவிட்டது! பாண்டான் இலையை ஊசிபோல் நறுக்கிக் காம்பாகச் செருகினர். சில உருண்டைகள் பழம்போல் இருந்தன. சில முள்ளெலிபோல் இருந்தன. முள்ளெலிகளே முதலில் தீர்ந்தன என்பதையும் கூறிவிடுகிறோம்.

வண்ணத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தமிழ்நாட்டு அரசு பஞ்சு மிட்டாய் விற்பனையைத் தடை செய்தது. துணிக்கும் தாளுக்கும் ஏற்றும் ரோடமின்-பி என்னும் சாயம் அதில் கலந்திருந்ததை ஆய்வில் கண்டதே காரணம். கண்ணைப் பறிக்கும் அந்த இளஞ்சிவப்பைக் கண்டு ஐயுறப் பிள்ளை எப்போது கற்கும்? இயற்கைச் சிவப்பு எவ்வளவு மங்கலானது என்பதைத் தன் கையால் பிழிந்து பார்த்த பிள்ளைக்கே அவ்வையம் எழும். பீட்ரூட்டின் நிறம் நெடுநேரம் கொதித்தால் மங்கிவிடும். அதனால் இறுதியில் சேர்க்க வேண்டும். பாண்டான் இலையை இடித்துப் பிழிந்தால் பச்சையும் மணமும் ஒருங்கே கிடைக்கும். மஞ்சள் சொல்ல வேண்டியதில்லை. வேலியோரத்துச் சங்குப்பூவை வெந்நீரில் இட்டால் நீலச்சாறு இறங்கும். அதில் எலுமிச்சைச் சாறு சில துளி விட்டால் கண்முன்னே ஊதாவாக மாறும். அமிலம் என்னும் சொல்லைக் கரும்பலகையில் பலமுறை எழுதிக் காட்டியதைவிட அந்த ஒரு குவளை நன்றாகக் கற்பித்தது.

இனி, நம்மை நோக்கி வீசத்தக்க கேள்வி ஒன்று உண்டு. “சீனியைக் குறையுங்கள் என்று காலைக் கூட்டத்தில் ஓதும் நீங்களே மிட்டாய் செய்யச் சொல்லலாமா?” நேர்மையான கேள்வி. 2023-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு, நம் நாட்டின் வயதுவந்தோரில் நூற்றுக்கு 15.6 பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் காட்டியது. இந்தியரிடையே அவ்விகிதம் இன்னும் மிகுதி. பாட்டி பாகு காய்ச்சினார், இன்று பாட்டிக்கே ஊசி போடுகிறோம் என்று ஒரு மாணவி எழுதியிருந்ததைப் படித்தபோது பேனா ஓடவில்லை.

ஆயினும், கடைப் போத்தலில் சீனி கண்ணுக்குத் தெரிவதில்லை. வீட்டு வாணலியில் தெரிகிறது. இரண்டு குவளைச் சீனி வெள்ளை மலையாகக் குவிந்ததைக் கண்ட பிள்ளைகள், “ஐயா, இவ்வளவா!” என்று வாய்பிளந்தனர். அவ்விடத்திலேயே கணக்கைப் போட்டோம். சீனி 400 கிராம், உருண்டைகள் 80, ஆக ஓர் உருண்டையில் 5 கிராம், ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. ஒரு நாளில் சேர்க்கப்படும் சீனியை 25 கிராம் அளவுக்குக் குறைத்தல் நலம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் பெரியவர்களுக்கு அறிவுறுத்தியது. அப்படியானால் ஐந்து உருண்டையோடு கணக்கு முடிந்தது, தேநீருக்கும் இடமில்லை. வகுத்தலை இவ்வளவு அக்கறையோடு அவர்கள் செய்து நாம் கண்டதில்லை. “இரண்டு தின்றுவிட்டு மீதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம்” என்று ஒரு மாணவன் தீர்ப்பும் வழங்கினான். மிட்டாயைச் சிறிதாக உருட்டுவது அழகுக்கு மட்டுமன்று என்பதை இனி விளக்க வேண்டியதில்லை.

பக்கத்து வீடு என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. கடையில் விற்கும் மெத்தென்ற மிட்டாய்கள் சிலவற்றில் விலங்கின் எலும்பிலும் தோலிலும் எடுத்த ஜெலட்டின் சேர்கிறது. எவர் உண்ணலாம், எவர் உண்ணலாகாது என்று தயங்க நேர்கிறது. தேங்காயும் சீனியும் பாலும் சேர்ந்த இத்தட்டை மலாய் வீட்டுக்கும் சீனர் வீட்டுக்கும் மரக்கறி உண்பவர் வீட்டுக்கும் தயக்கமின்றி அனுப்பலாம்.

நேரமில்லை என்பார்க்கு ஒரு சொல். மேற்கூறிய எண்பது உருண்டைக்குத் தேவைப்பட்டது ஒன்றரை மணி நேரம். இது பெண்பிள்ளைகள் வேலை என்று கருதும் தந்தையர்க்கும் ஒரு சொல். நம் பள்ளியில் மிக நேர்த்தியாக உருட்டியவர் இருவரும் பந்தாட்டக் குழுவைச் சேர்ந்த பையன்கள். சப்பானியர் ஆட்சி நிகழ்ந்த 1942 முதல் 1945 வரை அரிசியும் சீனியும் கிடைத்தற்கரியனவாக இருந்தபோது, மரவள்ளிக்கிழங்கையும் தேங்காயையும் கொண்டே பண்டம் செய்து பிள்ளைகளை மகிழ்வித்ததாக மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர்களுக்கும் நேரம் மிகுந்திருக்கவில்லை.

செய்த மிட்டாயைத் திறந்து வைத்தல் கூடாது. ஐப்பசி மழையின் ஈரத்தைச் சீனி உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு நாளில் உருண்டைகள் கசிந்து ஒன்றோடொன்று ஒட்டும். தேங்காய் சேர்ந்திருப்பதால் நான்கைந்து நாளுக்குள் உண்டு முடித்தல் நன்று.

வரும் தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சிற்றுண்டிச் சாலையில் மீண்டும் வாணலி ஏற்றுகிறோம். பதம் அறிந்த பாட்டிமார் அனைவரையும் அன்புடன் அழைக்கிறோம். பரணில் கிடக்கும் மர அச்சோ பித்தளை அச்சோ இருப்பின், புளியிட்டுத் துலக்கி எடுத்து வாருங்கள். சீனியும் தேங்காயும் பள்ளியின் பொறுப்பு. பிள்ளைகள் மூடி இறுக்கமான பால்மாவு டின் ஒன்றை, நன்கு உலர்த்தி, பெயரெழுதிக் கொண்டுவரவும்.