தீவகத்தில் சிறு விடுதியா, சொகுசு ரிசோர்ட்டா? வெளியேற்றப்பட்ட எமக்கும் இதில் பேச்சிருக்கிறது

2025 செப்டெம்பர் 1ஆம் திகதி மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கான வேலைகளை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க ஆரம்பித்து வைத்தார். அதே நாளில் கச்சதீவுக்கும் சென்று வந்தார். பலாலிக்கு சென்னையிலிருந்து விமானம் வருகிறது. 2023 ஒக்டோபரில் தொடங்கி இடையில் நின்றுபோன நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல் சேவை 2024 ஆகஸ்டில் மீண்டும் ஆரம்பமானது. 2018இல் 23 இலட்சம் உல்லாசப் பயணிகளைக் கண்ட இலங்கை, ஈஸ்டர் தாக்குதலுக்கும் கொரோனாவுக்கும் பொருளாதார நெருக்கடிக்கும் பிறகு 2024இல் மறுபடியும் 20 இலட்சத்தைத் தாண்டியது. இவற்றைச் சேர்த்துப் பார்ப்பவர்களுக்கு ஒன்று விளங்கும். யாழ்ப்பாணத் தீவகத்தின் கடற்கரைகள் நீண்ட காலம் இப்படியே சும்மா கிடக்கப்போவதில்லை.

ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு என்று விரியும் இந்தத் தீவுகளில் எந்த வகைச் சுற்றுலா வரப்போகிறது? பத்து அறை கொண்ட, ஊரவர் நடத்தும் விடுதிகளா? வேலி போட்டு, நீச்சல் தடாகம் வெட்டி, கடற்கரையைத் தனதாக்கிக்கொள்ளும் சொகுசு ரிசோர்ட்டுகளா? பயணிக்கு இது பணப்பையும் விருப்பமும் சார்ந்த விடயம். தீவின் மக்களுக்கோ காணி, கிணறு, இறங்குதுறை ஆகிய மூன்றும் யார் கையில் இருக்கும் என்ற கேள்வி. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுக்கு இது திரும்பிப் போக ஒரு வாசல் மிஞ்சுமா என்ற கேள்வியும்கூட.

மாலைதீவு சொல்லும் பாடம்

எமக்குப் பக்கத்திலேயே இதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. 1972இல் குரும்பா என்ற முதலாவது ரிசோர்ட்டோடு மாலைதீவு சுற்றுலாவுக்குள் இறங்கியது. ஆளில்லாத ஒரு தீவு, அதில் ஒரு ரிசோர்ட் என்பதே அவர்களின் கொள்கை. மதுவும் கடற்கரை ஆடையும் அந்தத் தீவோடு நின்றுவிடும். மக்கள் வாழும் தீவுகளில் மதுவுக்கு அனுமதி இல்லை. ஒரு முஸ்லிம் நாடு தன் மார்க்கத்தையும் வருமானத்தையும் ஒரே நேரத்தில் காப்பாற்றக் கண்ட வழி அது.

அதற்கு ஒரு விலையும் இருந்தது. ரிசோர்ட்டின் இலாபம் உரிமையாளர்களுக்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் போனது. சாதாரண மாலைதீவுக் குடும்பத்துக்குக் கிடைத்தது வீட்டை விட்டுப் பிரிந்து இன்னொரு தீவில் தங்கிச் செய்யும் சம்பள வேலை. குடும்பத்தைப் பிரிந்து போக முடியாத பெண்களுக்கு அதுவும் எட்டவில்லை. 2009இல் மக்கள் வாழும் தீவுகளிலும் விடுதிகள் நடத்த அரசாங்கம் வழிவிட்டபோதுதான் நிலைமை மாறத் தொடங்கியது. சிறைச்சாலைக்கு மட்டும் பெயர்போயிருந்த மாபுஷி தீவு சில ஆண்டுகளில் விடுதிகளின் தீவானது. வீட்டின் மேல்மாடியில் நான்கு அறை கட்டியவர், படகு ஓட்டியவர், சமைத்துக் கொடுத்த பெண் என்று பல கைகளுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. மதுத் தடை அப்படியே இருந்தது. பயணிகளுக்கென்று மறைப்புக் கட்டிய தனிக் கடற்கரையை ஒதுக்கி ஊர் சமாளித்துக்கொண்டது.

இந்தக் கதையை அழகாக்கிச் சொல்லவும் கூடாது. அதே மாபுஷியில் இன்று கட்டடம் கட்டடத்தை இடிக்கிறது. குப்பையும் நெரிசலும் பெருத்துவிட்டன. சிறியது என்பதற்காக மட்டும் எதுவும் நல்லதாகிவிடாது. ஆனால் தவறு செய்பவரும் அதன் விளைவை அனுபவிப்பவரும் ஒரே ஊரில் இருந்தால் அந்தத் தவறைத் தட்டிக்கேட்க ஆளிருக்கும்.

லட்சத்தீவிலும் இதே விவாதம் நடக்கிறது. மக்களில் மிகப் பெரும்பான்மையினர் முஸ்லிம்களான அங்கே, 2021இல் வந்த அபிவிருத்தி அதிகார சபைச் சட்ட வரைவு அபிவிருத்தி என்ற பெயரில் காணிகளை எடுக்க நிர்வாகத்துக்குப் பரந்த அதிகாரம் கொடுக்க முற்பட்டது. தீவு மக்கள் கொதித்தெழுந்தனர். ரிசோர்ட் வேண்டுமா வேண்டாமா என்பதைவிட, எங்களிடம் கேட்டீர்களா என்பதே அவர்களின் முதல் கேள்வியாக இருந்தது.

தண்ணீர் எவ்வளவு இருக்கிறது?

எமது தீவகத்துக்கு வருவோம். இங்கே ஆறில்லை. மாரி மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, உவர் நீருக்கு மேல் ஒரு மெல்லிய படையாக மிதக்கிறது. அதுதான் கிணற்று நன்னீர். அளவாக அள்ளினால் வருடம் தாங்கும். பம்பு போட்டு இழுத்தால் கீழிருக்கும் உவர் மேலே ஏறிவிடும். ஒருமுறை உவர் ஏறிய கிணறு இலேசில் திரும்பாது. நெடுந்தீவில் ஒரு குடம் நல்ல தண்ணீரின் பெறுமதி அங்குள்ள பெண்களுக்குத் தெரியும்.

நீச்சல் தடாகம், புல்தரை, தினமும் மாற்றும் விரிப்புகள் என்று இயங்கும் ஒரு ரிசோர்ட்டுக்கு இந்தத் தண்ணீர் போதாது. அது கடல் நீரைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தைக் கொண்டுவரலாம். அது நியாயமான பதில்தான். ஆனால் அதற்கு மின்சாரம் வேண்டும். எஞ்சும் கடும் உப்பு நீரை எங்கே விடுவது என்றும் சொல்ல வேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் டீசல் இயந்திரங்களையே நம்பியிருந்த தீவுகள். அவற்றுக்கான கலப்பு மின் திட்டம் 2021இல் சீன நிறுவனம் ஒன்றுக்குக் கொடுக்கப்பட்டு, இந்தியாவின் ஆட்சேபத்தில் நின்றுபோய், பின்னர் இந்தியாவின் 11 மில்லியன் டொலர் நன்கொடையாக மாறி, 2024 மார்ச்சில்தான் ஒப்பந்தமானது. இரண்டு வல்லரசுகளின் இழுபறியில் ஊர் விளக்கு காத்துக் கிடந்தது. சொகுசு அறைகளின் குளிரூட்டிகளும் இந்த வரிசையில் வந்து சேர்ந்தால் முன்னுரிமை யாருக்கு என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

இன்றைய நிலையும் திருப்தியானதல்ல. குறிகாட்டுவானிலிருந்து காலையில் நெடுந்தீவுக்குப் போகும் பயணி குதிரைகளையும் பெருக்க மரத்தையும் ஒல்லாந்தர் கோட்டையையும் பார்த்துவிட்டுக் கடைசிப் படகில் திரும்புகிறார். தீவுக்கு அவர் விட்டுப் போவது ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசும் பிளாஸ்டிக் போத்தலும்தான். அவர் ஓர் இரவு தங்கினால் மீன் விற்பவர், முச்சக்கரவண்டிக்காரர், சமைப்பவர் என்று நாலு வீட்டில் அடுப்பெரியும். தங்கும் இடமே வேண்டாம் என்பது தீர்வல்ல. 2015இல் நெடுந்தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதன் பயனும் அப்போதுதான் ஊருக்குச் சேரும்.

ஏற்கெனவே உள்ள சொகுசு விடுதி எது என்று பாருங்கள். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே கடலுக்குள் நிற்கும் ஹம்மன்ஹீல் கோட்டை, போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் 1658இல் கைப்பற்றியது. 1971 கிளர்ச்சியின்போது ரோஹண விஜேவீர சிறை வைக்கப்பட்டிருந்ததும் அங்கேதான். இன்று அது கடற்படை நடத்தும் சுற்றுலா விடுதி. கரையோரம் மீன்பிடிக்கும் குடும்பம் ஒன்று நான்கு அறை கட்டி இதனோடு போட்டியிடுவது எப்படி? அரச படையின் விடுதிக்குக் காணியும் படகும் ஆளும் அரசாங்கக் கணக்கில் வருகின்றன. ஊரவரோ வங்கிக் கடனில் தொடங்க வேண்டும்.

ஆளில்லாக் காணிதான் முதலில் போகும்

இனி எமது கதை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் புலிகள் வெளியேற்றினார்கள். வடக்கு முழுவதிலும் சுமார் 75,000 பேர் இப்படி ஊரிழந்தனர். சோனகத் தெருவைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். தீவகத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. நாகபூஷணி அம்மன் கோயிலுக்கும் நாகவிகாரைக்கும் பெயர்பெற்ற நயினாதீவில் பள்ளிவாசலும் உண்டு. வேலணை மண்கும்பானிலும் உண்டு. பள்ளி இருக்கிறதென்றால் அங்கே ஒரு ஜமாஅத் இருந்தது, வீடுகள் இருந்தன, காணி உறுதிகள் இருந்தன என்பதுதான் அர்த்தம்.

சிறு விடுதிக்கு ஒரு வீட்டு வளவு போதும். ரிசோர்ட்டுக்கு ஏக்கர் கணக்கில், தொடர்ச்சியாக, கடலை ஒட்டிய காணி வேண்டும். அப்படிக் காணி சேர்ப்பவர்கள் முதலில் தேடுவது உரிமையாளர் ஊரில் இல்லாத துண்டுகளைத்தான். புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் இருக்கும் முஸ்லிமின் காணியும், கனடாவிலும் சுவிஸிலும் இருக்கும் புங்குடுதீவுத் தமிழரின் பூட்டிய வீடும் இந்த விடயத்தில் ஒரே தட்டில்தான் இருக்கின்றன.

சட்டம் எம்மைக் காத்துக்கொள்ளும் என்று சும்மா இருக்கவும் முடியாது. பிறர் காணியைப் பத்து வருடம் தடையின்றி ஆண்டால் உரிமை கோரலாம் என்பது பழைய சட்டம். போரால் தடுக்கப்பட்டவர்களுக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. ஆனால் அதன்படி வழக்குத் தொடரக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டே வருடம். எத்தனை பேர் அதைக் கேள்விப்பட்டார்கள்? 2025 மார்ச் 28ஆம் திகதி வெளியான வர்த்தமானி வடக்கில் 5,900 ஏக்கருக்கும் அதிகமான காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோரும்படியும், இல்லாவிட்டால் அது அரச காணியாகும் என்றும் சொன்னது. எதிர்ப்பும் வழக்கும் வந்து, ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்த வழக்கு போடப்படாதிருந்தால் புத்தளத்தில் இருக்கும் ஒரு முதியவர் தன் உறுதியைத் தேடி எடுப்பதற்குள் மூன்று மாதமும் கடந்திருக்கும்.

வெளியேற்றப்பட்டவர்கள் போய்ச் சேர்ந்த இடத்திலும் இதே கதையைக் கண்டவர்கள். கல்பிட்டியில் 14 தீவுகளை உள்ளடக்கிய சுற்றுலாத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, வாடி போடும் இடமும் கரைக்குப் போகும் வழியும் பறிபோகும் என்று மீனவர்கள் போராடினார்கள். பாசிக்குடாவில் ஹோட்டல் வலயம் வந்த பிறகு தோணி நிறுத்த இடம் சுருங்கிவிட்டதென்று மீனவர்கள் முறையிட்டார்கள்.

மறுபக்கமாக, அறுகம்பையைப் பாருங்கள். அங்கே பொத்துவில் முஸ்லிம்கள் கட்டியெழுப்பியவை பெரும்பாலும் சிறு விடுதிகள்தான். சுனாமிக்குப் பிறகு வந்த பெருந்திட்டத்தை எதிர்த்து அவர்கள் தம் கரையைக் காத்தார்கள். ஆயினும் அண்மைய ஆண்டுகளில் வெளிநாட்டவர் சிலர் விசா விதிகளை மீறி வணிகம் நடத்துவதாக எழுந்த முறைப்பாடுகளும், 2024 ஒக்டோபரின் பாதுகாப்பு எச்சரிக்கையும் எமக்கு இன்னொன்றைச் சொல்கின்றன. குத்தகை என்ற பெயரில் உரிமை கைமாறினால் சிறு விடுதியும் ஊரின் கையில் நிற்காது.

கேட்க வேண்டியவை

ரிசோர்ட் கட்டுவோர் சொல்லும் நியாயங்கள் உண்டு. அவர்கள் வரி கட்டுகிறார்கள், கழிவு நீரைச் சுத்திகரிக்கிறார்கள், மாதச் சம்பளம் கொடுக்கிறார்கள். ஊர் விடுதிகள் பல பதிவு இல்லாமலும், மலக்குழியைக் கிணற்றுக்குப் பக்கத்தில் வைத்தும் நடக்கின்றன. ஆகவே சிறு விடுதிதான் சரி என்று சொல்பவர்கள் அதற்கான விதிகளையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

முதலாவது, இடம்பெயர்ந்தோரின் காணி உரிமைகள் பதிவாகி முடியும்வரை தீவகத்தின் கரையோரக் காணிகள் எதையும் பெருமுதலீட்டுக்கு நீண்டகாலக் குத்தகையில் கொடுக்கக் கூடாது. இரண்டாவது, ஒவ்வொரு தீவிலும் நிலத்தடி நீரை அளந்து, எத்தனை அறைகள் தாங்கும் என்ற எல்லையை முதலில் வகுக்க வேண்டும். மூன்றாவது, இறங்குதுறையும் கரைப்பாதையும் மீனவருக்கு எப்போதும் திறந்திருக்க வேண்டும். நான்காவது, ஹோம்ஸ்டே பதிவைப் பிரதேச சபையிலேயே, தமிழில், அலைச்சலின்றிச் செய்ய வழி வேண்டும்.

எமது சமூகத்துக்கும் வேலை இருக்கிறது. திரும்பிப் போய் என்ன தொழில் செய்வது என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். முப்பத்தைந்து வருடத்தில் பழைய கடைகளும் வாடிக்கையும் போய்விட்டன. ஹலால் சமையலும் தொழ ஓரிடமும் மதுவற்ற சூழலும் உள்ள ஒரு குடும்ப விடுதி அந்தக் கேள்விக்கு ஒரு பதிலாகலாம். தீவகத்துக்குச் சுற்றுலா போகும் முஸ்லிம் குடும்பங்கள் இதைத்தான் தேடுகின்றன. கிடைக்காததால் மாலையிலேயே யாழ்ப்பாணத்துக்குத் திரும்புகின்றன. விருந்தாளியைக் கண்ணியப்படுத்துவதை ஈமானோடு சேர்த்துச் சொல்லும் மார்க்கம் எம்முடையது. முஸாபிர்கள் தங்க இடம் அமைப்பது எமது வக்பு மரபில் புதிதல்ல. கொழும்பிலும் பேருவளையிலும் வளைகுடாவிலும் இருக்கும் எமது செல்வந்தர்கள் தீவகத்தில் காணி வாங்கிப் போடுவதைவிட, அங்கு காணியுள்ள ஒரு குடும்பத்தோடு, அது தமிழ்க் குடும்பமானாலும், பங்காளியாகலாம்.

அதற்கெல்லாம் முன் ஒரு சிறு காரியம் இருக்கிறது. தீவகத்தில் உம்மா, வாப்பாவின் பெயரில் காணி இருந்ததாகக் கேள்விப்பட்டவர்கள் இந்த மாதமே அந்த உறுதியைத் தேடி எடுங்கள். உறுதி தொலைந்திருந்தால் யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் பிரதி கேளுங்கள். வேலணை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவு பிரதேச செயலகங்களில் உங்கள் பெயர் எழுத்தில் இருக்கட்டும். நாளை குத்தகைக் கடதாசியோடு யார் வந்து இறங்கினாலும், இந்த வளவுக்கு ஆளிருக்கிறது என்று கிராம சேவகர் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும்.