கூப்பிடாமலேயே வீட்டுக்கு வரும் டாக்டர்

கியூபான்னு சொன்னாலே கமெண்ட்ல ரெண்டு கோஷ்டி. ஒருத்தருக்குச் சொர்க்கம், இன்னொருத்தருக்கு நரகம். ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் நில்லுங்க உறவுகளே.

1984-ல் அங்கே குடும்ப மருத்துவர் திட்டம் வந்தது. ஒரு குடியிருப்புக்கு ஒரு டாக்டர், ஒரு நர்ஸ். பல இடங்களில் கீழே கிளினிக், மாடியில் டாக்டர் வீடு. ஏரியா மக்களை நாலு பிரிவாகப் பதிவு செய்வார்கள்: ஆரோக்கியமானவர், நோய் வர வாய்ப்புள்ளவர், நோயாளி, உடல் பாதிப்போடு வாழ்பவர். உங்களுக்கு ஒண்ணுமே இல்லைன்னாலும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பார்க்கணும், அதுதான் விதி. காய்ச்சல் வந்த பிறகு டோக்கன் வாங்குற கதை இல்ல! கட்டணமும் கிடையாது. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி., சிபிலிஸ் பரவுவதை ஒழித்த முதல் நாடு என்று 2015-ல் உலக சுகாதார நிறுவனமே சான்று கொடுத்தது.

இதை மட்டும் ஷேர் பண்ணா அது பாதி உண்மைதான். இன்னைக்கு அங்கே டாக்டர் சீட்டு எழுதித் தருவார், மருந்துக்கடையில் மாத்திரை இருக்காது. அமெரிக்கத் தடை பெரிய காரணம். ஆனா எல்லாப் பழியையும் அதன் தலையில் போட முடியாது. டாக்டர்களை வெளிநாட்டுக்கு அனுப்பி, வர்ற பணத்தில் பெரும் பங்கை அரசே எடுத்துக்குதே, அது யார் போட்ட தடை? திட்டத்தைப் பாராட்டுங்க, தப்பில்ல. அந்த மாடி வீட்டு டாக்டரோட சம்பளத்தையும் சேர்த்துப் பேசுங்க.