மழையில் கரைந்த சட்டை

புடவைக் கடையில் நீங்கள் ஜமக்காளத்தில் உட்கார்ந்து பேரம் பேசும்போது பார்க்க வேண்டும்! "கெட்டிச் சாயம், அம்மா! கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார் கடைக்காரர். நீங்களா கண்ணை மூடுகிறவர்? முந்தானையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறீர்கள். கசக்கிப் பார்த்துக் கஞ்சி உதிர்கிறதா என்று சோதிக்கிறீர்கள். உடுத்தப் போகிறவரே பார்த்து வாங்கும்போது ஏமாற்றுவது லேசில்லை.

பட்டாளத்துச் சிப்பாய்க்கு அந்தப் பாக்கியம் கிடையாது. அவனுக்குச் சட்டை வாங்குகிறவர் எங்கோ ஓர் ஆபீசில் இருக்கிறார். அந்தச் சட்டையை அவர் போட்டுக்கொள்ளப் போவதில்லை. கொடுக்கிற பணமும் அவருடையதல்ல.

1861-ல் அமெரிக்காவில் வடக்கும் தெற்கும் மோதிக்கொண்ட உள்நாட்டு யுத்தம் மூண்டது. அதுவரை அந்த நாட்டு ராணுவத்தில் இருந்தவர்கள் சுமார் 16,000 பேர்தான். ஏப்ரல் மாதம் ஜனாதிபதி லிங்கன் 75,000 பேர் வேண்டும் என்று அழைப்பு விடுத்தார். பதினாறு பேருக்கு உலை வைத்த வீட்டில் எழுபத்தைந்து பேர் பந்தியில் உட்கார்ந்தால் என்ன ஆகும், சொல்லுங்கள்! 'எது கிடைத்தாலும் வாங்கு' என்ற நிலைமைதான்.

நியூயார்க் ராஜ்யத்தார் 'ப்ரூக்ஸ் பிரதர்ஸ்' என்ற பேர்பெற்ற கடைக்கு 12,000 உடுப்புகளுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். நல்ல கம்பளித் துணி போதவில்லை. அதனால் 'ஷாடி' என்ற சரக்கு வந்து சேர்ந்தது. பழைய கம்பளிக் கந்தல்களைப் பிய்த்துப் பஞ்சாக்கி, அழுத்தி மெருகேற்றிய துணி அது. பார்வைக்குப் புதுசு, நல்ல மழை பெய்தால் உடம்பிலேயே பிய்ந்து தொங்கும்! கூச்சல் கிளம்பியதும் 2,350 உடுப்புகளைக் கடைக்காரர்களே மாற்றிக் கொடுத்தார்கள். இங்கிலீஷில் மட்டமான எதற்கும் 'ஷாடி' என்று சொல்லும் வழக்கம் பரவியது இந்த யுத்தத்தில்தான்.

துப்பாக்கிக் கதை இன்னும் விசேஷம். சர்க்கார் தன்னிடமிருந்த 5,000 பழைய துப்பாக்கிகளை 'உதவாது' என்று தலா மூன்றரை டாலருக்குத் தள்ளிவிட்டது. அவை கை மாறி, சில்லறை ரிப்பேரும் ஆகி, சில மாதங்களுக்குள் அதே சர்க்காரின் தளபதி ஒருவரிடம் வந்து சேர்ந்தன. விலை? தலா 22 டாலர்! விசாரணைக் கமிட்டி கண்டித்தது. ஆனால் ஒப்பந்தம் ஒப்பந்தந்தானே? பாக்கியைக் கொடுக்கும்படி 1867-ல் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

இதற்கெல்லாம் பரிகாரமாக 1863 மார்ச் 2-ந் தேதி ஒரு சட்டம் வந்தது. பொய்க் கணக்குக் காட்டிய கண்டிராக்டர், நஷ்டத்தைப் போல் இரண்டு மடங்கும் அதற்கு மேல் 2,000 டாலரும் கட்ட வேண்டும். அதைக் கண்டுபிடித்து வழக்குப் போடுகிறவருக்கு வசூலில் பாதி! கோள் சொல்கிறவனுக்குச் சன்மானமா என்று முகம் சுளிக்காதீர்கள். திருடனைக் கொண்டே திருடனைப் பிடிக்கும் யோசனை என்று செனட் சபையில் பகிரங்கமாகவே சொன்னார்கள். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. கந்தலைக் கலந்தது டெல்லர் மேஜைக்குத் தெரியுமா? கலக்கும்போது பக்கத்தில் நின்றவனுக்குத்தானே தெரியும்! அந்தச் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. 1986-ல் அபராதத்தை மூன்று மடங்காக்கினார்கள். துப்புச் சொல்கிறவர் பங்கு இப்போது 30 சதவிகிதம் வரை போகலாம்.

ஆனால் சகோதரிகளே, அந்த உடுப்புகளைத் தைத்த பெண்களுக்கு இந்தச் சட்டத்தால் ஒரு பயனும் இல்லை. 1865 பிப்ரவரியில் சின்சினாட்டி நகரத்துத் தையல்காரிகள் லிங்கனுக்கு மனுப் போட்டார்கள். அவர்கள் சிப்பாய்களின் மனைவிகள், விதவைகள், சகோதரிகள். ஒரு டஜன் கம்பளிச் சட்டை தைக்கக் கண்டிராக்டருக்குச் சர்க்கார் கொடுத்த கூலி ஒன்றே முக்கால் டாலர். அவர் இவர்களுக்குக் கொடுத்தது ஒரு டாலர். கணக்கில் பொய் இல்லை. ஆகவே குற்றமும் இல்லை! அவர்கள் கேட்டது இனாம் அல்ல. நடுவில் ஆள் வேண்டாம், துணியை நேரே எங்களிடமே கொடுங்கள் என்பதுதான்.