ஏற்காட்டு ரோடும் கிண்டி கமிட்டியும்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். டூரிஸ்டுகள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே ஏறுவார்கள். மலையில் குடியிருப்பவர்கள் போடும் கணக்கு வேறு. எந்த வளைவுக்கு மேலே பாறை தொங்குகிறது, எந்த இடத்தில் மழைத்தண்ணீர் ரோட்டைக் குறுக்கே வெட்டுகிறது, எந்தச் சிறுபாலம் குப்பையில் அடைத்துக் கிடக்கிறது என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகும் ஓயாமல் உள் மாவட்டங்களில் கொட்டித் தீர்த்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. திருவண்ணாமலையில் மலை சரிந்து ஒரு வீட்டையே மூடி 7 பேர் இறந்தார்கள். அதே மழையில் ஏற்காட்டு மலைப்பாதையிலும் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. இப்படி நடக்கும்போதெல்லாம் காட்சி ஒன்றுதான். பொக்லைன் வரும், மண்ணை அள்ளும், அதிகாரிகள் பார்வையிடுவார்கள், பேப்பரில் போட்டோ வரும், ரோடு திறக்கும். கதை முடிந்தது. அடுத்த ஐப்பசி வரைக்கும்!

மண்ணை அள்ளுவது பராமரிப்பு. அது ஏன் அங்கே சரிந்தது என்று கேட்பதுதான் ஆராய்ச்சி. சேர்வராயன் மலையின் அடிப்பாறை சார்னோகைட். அது ஆயிரக்கணக்கான வருஷங்களாகச் சிதைந்து செம்மண்ணாகி, பாறை மேல் போர்வை மாதிரி கிடக்கிறது. ரோட்டுக்காகச் சரிவை வெட்டினால் அந்தப் போர்வையின் அடிநுனி அறுந்துபோகும். மழைநீர் உள்ளே இறங்கி மண்ணும் பாறையும் சேரும் இடத்தில் தேங்கினால் மேலே இருப்பது வழுக்கிக்கொண்டு வரும். இது பொதுவான விதி. இந்த மலைக்கு வேண்டியது துல்லியமான பதில். எத்தனை மணி நேரத்தில் எத்தனை மி.மீ. பெய்தால் ரோட்டை மூட வேண்டும்? எந்தச் சரிவுக்குத் தடுப்புச் சுவர் போதும், எதற்குப் போதாது? பக்கக் கால்வாய் எங்கே போய் முடிய வேண்டும்?

இந்தக் கேள்விகளை ஆராயலாம் என்று யார் முடிவு செய்கிறார்கள்? விஷயம் இங்கேதான் சுவாரசியமாகிறது.

தமிழ்நாடு நெடுஞ்சாலைத் துறைக்கு என்று தனியாக ஒரு ஆராய்ச்சி நிலையம் சென்னை கிண்டியில் இருக்கிறது. துறையின் பிரிவுகளில் அதுவும் ஒன்று. தார், ஜல்லி, கான்கிரீட், மண் எல்லாவற்றையும் சோதிப்பது, தரக்கட்டுப்பாடு, பயிற்சி என்று அதற்கு வேலை ஏராளம். அது மோசமான வேலை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கான்ட்ராக்டர் போட்ட ரோட்டின் சாம்பிளைச் சோதிப்பது வேறு, போடவேண்டிய ரோட்டைப் பற்றிப் புதிதாக ஒரு கேள்வி கேட்பது வேறு. எந்தக் கேள்வியை எடுப்பது, எந்தக் கல்லூரிக்குக் கொடுப்பது, எவ்வளவு பணம், வந்த முடிவை ஏற்பதா என்பதெல்லாம் கமிட்டி மேஜையில் தீர்வது. உலகம் முழுக்க அப்படித்தான். அதனால் ஒரு மலைக்கிராமத்து ரோட்டின் விதி அந்த மேஜையைச் சுற்றி யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

தேசிய அளவில் எப்படி என்பதற்கு அத்தாட்சி அச்சிலேயே இருக்கிறது. 1934-ல் தொடங்கிய இந்தியச் சாலைக் காங்கிரஸ் வெளியிடும் எந்த விதிநூலையும் புரட்டலாம். முதல் பக்கங்களில் கமிட்டி உறுப்பினர் பட்டியல் இருக்கும். தலைமைப் பொறியாளர், ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர், பேராசிரியர், ஆலோசனை நிறுவனத்துக்காரர்... பெயரையாவது வெளிப்படையாகப் போடுகிறார்களே, அதற்கு ஒரு சபாஷ். ஆனால் மழையில் மண்வெட்டியோடு நிற்கும் சாலைப் பணியாளருக்கோ, தினமும் மலை ஏறி இறங்கும் பஸ் டிரைவருக்கோ அந்தப் பட்டியலில் என்ன வேலை?

"ஆராய்ச்சி நிபுணர்கள் சமாச்சாரம், டிரைவருக்கு என்ன தெரியும்" என்று கேட்பவர்கள் பிளாஸ்டிக் ரோட்டை நினைத்துப் பார்க்கட்டும். அதைக் கண்டுபிடித்தவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் வாசுதேவன். ரோடு போடும் பொறியாளரே இல்லை. 2002-ல் கல்லூரி வளாகத்திலேயே போட்டுக் காட்டினார். சாலைக் காங்கிரஸ் அதற்கு வழிகாட்டி நூல் வெளியிட்டது 2013-ல். மத்திய அமைச்சகம் அதை வலியுறுத்தியது 2015-ல். பத்மஸ்ரீ வந்தது 2018-ல். பல மழைக்காலம் பார்த்துத்தான் ஒரு ரோட்டை நம்ப முடியும், அதனால் அவசரப்படாத கமிட்டி தேவைதான். ஆனால் நல்ல யோசனை மேஜைக்கு வெளியிலிருந்தும் வரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வெளியே இருப்பவர்களின் அறிவை இங்கே எப்படி நடத்தினார்கள் என்பதற்கு இன்னொரு கதையும் உண்டு. 1997-ல் சுமார் 10,000 சாலைப் பணியாளர்கள் வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். 2002-ல் ஒரே உத்தரவில் அத்தனை பேரும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். 41 மாதம் தெருவில் நின்று, 2006-ல் திரும்ப வந்தார்கள். ஒவ்வொரு கிலோமீட்டரையும் காலால் அளந்தவர்கள் அவர்கள். அவர்களை அரசு செலவுக் கணக்காகத்தான் பார்த்தது, கண்ணாகப் பார்க்கவில்லை.

அமெரிக்காவில் மின்னசோட்டா என்று ஒரு மாநிலம். அங்கே உள்ளூர் சாலை ஆராய்ச்சிக்கு என்றே 1959-லிருந்து ஒரு வாரியம் இருக்கிறது. உறுப்பினர்கள் 10 பேர். அதில் 4 பேர் மாவட்ட அளவிலான கவுண்டிகளின் பொறியாளர்கள், 2 பேர் நகரப் பொறியாளர்கள். தலைமையகத்துக்கு 3 இடம், பல்கலைக்கழகத்துக்கு 1. அதாவது ரோட்டைத் தினமும் பார்ப்பவர்களுக்குத்தான் பெரும்பான்மை! பணமும் அதிகாரியின் தயவில் இல்லை. அந்த நாட்டில் மாநிலங்களுக்குப் போகும் மத்திய சாலை நிதியில் 2 சதவீதம் திட்டமிடலுக்கும் ஆராய்ச்சிக்கும் ஒதுங்கும், அதில் குறைந்தது கால் பங்கு ஆராய்ச்சிக்கு என்று சட்டமே சொல்கிறது. ஹாங்காங்கில் 1976-ல் சரிவு ஒன்று இடிந்து உயிர்கள் போனபின், அடுத்த வருஷமே சரிவுகளுக்கென்று தனி அலுவலகம் வந்தது. இன்று மனிதர் வெட்டிய சுமார் 60,000 சரிவுகளுக்கு அங்கே பதிவெண் உண்டு. ஏற்காட்டில் வளைவுக்கு நம்பர் இருக்கிறது. சரிவுக்கு?

"அவங்க பணக்கார நாடு" என்பது வழக்கமான பதில். மேஜையில் நாற்காலி மாற்றிப் போட எவ்வளவு செலவாகும்? கூட்டக் குறிப்பை இணையதளத்தில் ஏற்ற எவ்வளவு? இதற்கு வெளிநாட்டைப் பார்க்கவே வேண்டாம். 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 4-வது பிரிவில் தெளிவாகச் சொல்கிறது: ஒவ்வொரு பொது அமைப்பும் தனது வாரியங்கள், கமிட்டிகளின் விவரத்தையும், அந்தக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவையா, மினிட்ஸ் கிடைக்குமா என்பதையும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும். அதற்கும் முன்னால் 1997-லேயே இந்தியாவில் முதல் மாநிலமாக இப்படி ஒரு சட்டம் போட்டது இதே தமிழ்நாடுதான். பெருமை பேசுவதற்கு நல்ல விஷயம். பின்பற்றுவதற்கும்.

ஆகவே நெடுஞ்சாலைத் துறை செய்ய வேண்டியவை நான்கு:

1. ஆராய்ச்சியைத் தேர்வு செய்யும், மேற்பார்வையிடும் எல்லாக் கமிட்டிகளின் உறுப்பினர் பட்டியலும் மினிட்ஸும் தமிழில் இணையத்தில் வரட்டும்.

2. மலைச்சாலை பற்றிய கமிட்டியில் மலையில் வேலை பார்க்கும் சாலைப் பணியாளர், பஸ் டிரைவர், மலை ஊராட்சிப் பிரதிநிதி ஆகியோருக்கு ஓட்டுரிமையோடு இடம் வேண்டும். டீ குடித்துவிட்டுப் போகும் சிறப்பு அழைப்பாளர் இடம் வேண்டாம்.

3. நிராகரித்த யோசனைகளையும் காரணத்தோடு வெளியிட வேண்டும். எதை ஆராய மறுத்தார்கள் என்பதில்தான் ஒரு கமிட்டியின் மனசு தெரியும்.

4. முடிந்த ஆராய்ச்சி ரோட்டுக்கு வந்ததா, இரண்டு மழைக்காலம் தாங்கியதா என்று அதே கமிட்டி திரும்ப வந்து பதில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அறிக்கை அலமாரியில் தூங்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

2024 ஏப்ரல் 30-ஆம் தேதி ஏற்காட்டிலிருந்து இறங்கிய தனியார் பஸ் ஒன்று கொண்டை ஊசி வளைவு அருகே பள்ளத்தில் கவிழ்ந்து பயணிகள் பலர் இறந்தார்கள். வேகமா, வண்டியா, ரோடா என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லலாம். தடுப்புச் சுவரின் பலமும் வளைவின் அகலமும் யாரோ ஒரு மேஜையில் எப்போதோ தீர்மானித்தவை என்பது மட்டும் நிச்சயம். மலை மேல் பிரசவ வலி எடுத்த பெண்ணும், மிளகு மூட்டையும், காபித் தோட்டத்துக் கூலியாளும் சேலத்துக்கு இறங்க வேண்டியது அந்த ரோட்டில்தான். அவர்களுக்காக முடிவெடுக்கும் மேஜை கிண்டியிலேயே இருக்கட்டும். அதன் கதவு மட்டும் திறந்திருக்கட்டும்.