குச்சி இல்லாத ராக்கெட்

சினிமாவைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதற்கு மூன்று யோக்கியதைகள் வேண்டும் என்பார்கள். டைரக்டர்களின் பெயர்களை மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும், காமிராக் கோணங்களைப் பற்றித் தர்க்கம் செய்ய வேண்டும், எந்தப் படத்தைப் பார்த்தாலும், "இது அந்த இங்கிலீஷ் படத்திலிருந்து எடுத்ததுதானே!" என்று ஒரு பெருமூச்சு விட வேண்டும். இந்த மூன்றில் ஒன்றுகூட அடியேனிடம் கிடையாது. மழை வந்தால் ஒதுங்குவதற்கும், வெயில் கொளுத்தினால் குளிர்ச்சிக்காகவும் கொட்டகைக்குள் நுழைகிற ரகத்தைச் சேர்ந்தவன் நான். விருதுநகர் ஜில்லாவிலோ மழை அபூர்வம், வெயில் தாராளம். தீப்பெட்டியும் பட்டாசும் காய்வதற்கென்றே பகவான் சிருஷ்டித்த வெயில் அது. ஆகையால் நான் இதுவரை எத்தனை படங்கள் பார்த்திருப்பேன் என்பதை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

அவற்றில் சமீப வருஷங்களில் வந்த ஒரு வகைப் படங்களைப் பற்றி இந்த வாரம் எழுத உத்தேசம். வேற்றுக் கிரகவாசி, காலத்தில் முன்னும் பின்னும் பிரயாணம், யந்திர மனிதன், இன்னும் எண்ணூறு வருஷத்துக்கு அப்பால் நடக்கும் யுத்தம் - இப்படிப்பட்ட விஞ்ஞான விந்தைப் படங்களும் மாயாஜாலப் படங்களுந்தான். இவற்றைப் பற்றி எழுதும் தைரியம் எனக்கு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில தினங்களுக்கு முன்பு சிவகாசியில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். என் மருமகனுக்குப் பதினாறு வயது. பூலோக விவகாரங்களில் அவனுக்கு அவ்வளவு சிரத்தை இல்லை. மற்றக் கிரகங்களின் விவகாரமெல்லாம் அத்துபடி. "மாமா, இந்தப் படத்தை நீங்கள் பார்த்தே ஆகவேண்டும்" என்று என்னைத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்த்தி வைத்துவிட்டான். அடுத்த வீட்டு அண்ணாச்சியும் வந்து சேர்ந்தார். அண்ணாச்சி முப்பது வருஷ காலம் பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார்.

படத்தின் பெயர் எதற்கு? அதில் மூன்று பெரிய நகரங்கள் வெடித்துச் சிதறின. மாளிகைகள் சரிந்தன, மோட்டார் வண்டிகள் காற்றாடிபோல் பறந்தன. கதாநாயகன் தலை கலையாமல் நடந்து வந்தான். மருமகன் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டான்.

அண்ணாச்சி மெதுவாகக் கேட்டார்: "ஏந்தம்பி, இம்புட்டு வெடிக்குதே, ஒருத்தனாவது காதைப் பொத்தினானா?"

"தாத்தா, அது நிஜ வெடி இல்லை, கிராபிக்ஸ்!" என்றான் மருமகன்.

"வெடி கிராபிக்ஸா இருக்கட்டும். காது மனுசன் காதுதானே?"

இந்தக் கேள்விக்கு மருமகனிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. அந்த டைரக்டரிடம் இருந்திருக்கும் என்றும் தோன்றவில்லை.

படம் முடிந்ததும் திண்ணைக்கு வந்தோம். அண்ணாச்சி பையனைப் பார்த்து, "ராக்கெட்டிலே முக்கியமானது எது, சொல்லு பார்ப்போம்" என்றார்.

"மருந்து!"

"அதுதான் இல்லை. குச்சி. மருந்து எரிஞ்சு புகை கீழே பாயும். ராக்கெட் மேலே கிளம்பும். ஆனால் எங்கே போகணும்னு மருந்துக்குத் தெரியாது. குச்சிதான் வாலைப் பின்னாலே பிடிச்சு நிறுத்தி நேரே போக வைக்கும். குச்சியை ஒடிச்சுட்டுப் பத்த வச்சுப் பாரு. பக்கத்து வீட்டு வைக்கோல் படப்புக்கும் போகும், உங்க மாமா வேட்டிக்குள்ளேயும் போகும்."

என் வேட்டியை நான் சற்று ஒழுங்குபடுத்திக் கொண்டேன். ஆனால் அந்தக் கணத்தில் எனக்கு ஞானோதயம் உண்டாயிற்று. அதிசயக் கதைகளுக்கு மருந்து கற்பனை. குச்சி, அந்தக் கதை தனக்குத் தானே விதித்துக்கொள்ளும் நியதி. "இவன் பறப்பான்" என்று கதாசிரியர் சொல்லட்டும். ஆட்சேபம் இல்லை, நம்புகிறோம். டிக்கட் வாங்கியதே நம்புவதற்காகத்தானே! ஆனால் அந்த ஒரு பெரிய பொய்யைச் சொன்னபின், மற்றவையெல்லாம் மெய்யாக நடக்க வேண்டும். பறக்கிறவனுக்கும் பசிக்க வேண்டும். விழுந்தால் வலிக்க வேண்டும். வெடித்தால் காதைப் பொத்த வேண்டும்.

இந்த ரகசியம் நம்மவர்களுக்குத் தெரியாததல்ல. 1957-ல் வெளிவந்த 'மாயா பஜார்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடோத்கஜன் மாயத்தால் வத்ஸலையின் உருவத்தை எடுக்கிறான். அந்த வேஷத்தில் சாவித்திரி நடந்து வருகிறபோது, பெண் உருவத்துக்குள் ஓர் அரக்கன் இருப்பது தெரிகிறது. மணமேடையில் மாப்பிள்ளையின் காலைப் பெண் மிதிக்கிற மிதியில் கொட்டகையே கலகலத்துப் போகும். உருவம் மாறிற்று, சுபாவம் மாறவில்லை. அந்தச் சுபாவந்தான் குச்சி. அதே படத்தில் 'பிரியதர்சினி' என்று ஒரு பெட்டி வருகிறது. திறந்து பார்த்தால் மனத்துக்குப் பிரியமானவர்களின் உருவம் தெரியும். இன்று அப்படிப்பட்ட பெட்டி ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. அதில் பிரியமானவர்களைத்தான் பார்க்கிறோமா என்பது வேறு விஷயம்.

விண்வெளிப் பிரயாணமும் சினிமாவுக்குப் புதிதல்ல. 1902-லேயே பிரான்ஸ் தேசத்தில் மெலியே என்பவர் ஒரு பெரிய பீரங்கிக் குண்டுக்குள் மனிதர்களை வைத்துச் சந்திரனுக்கு அனுப்பினார். குச்சி இல்லாத தோஷமோ என்னவோ, அது நேரே சந்திரனின் கண்ணிலேயே போய்க் குத்திக்கொண்டது!

நம் தமிழ் நாட்டில் 1963-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் 'கலை அரசி' என்ற படம் வந்தது. எம். ஜி. ஆரும் பானுமதியும் நடித்தது, ஏ. காசிலிங்கம் டைரக்ட் செய்தது. வேறொரு கிரகத்தில் விஞ்ஞானம் உச்சத்தை எட்டியிருக்கிறது. ஆனால் அங்கே சங்கீதம் இல்லை, கலை இல்லை. ஆகவே அவர்கள் பறக்கும் கப்பலில் வந்து, பூமியிலிருந்து ஒரு பாட்டுக்காரியைத் தூக்கிச் செல்கிறார்கள். கதை இதுதான். இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். ருஷியாவின் வாலென்டினா தெரஷ்கோவா உலகின் முதல் விண்வெளி வீராங்கனையாகப் புறப்பட்டது அதே 1963 ஜூன் 16-ந் தேதி. தும்பாவிலிருந்து நம் தேசம் முதல் ராக்கெட்டை விட்டது அதே வருஷம் நவம்பர் 21-ந் தேதி. நம் பானுமதி அம்மாள் இவை இரண்டுக்கும் முன்னாலேயே போய்விட்டு வந்துவிட்டார்!

அந்த விண்கப்பலை இன்று பார்த்தால் என் மருமகன் சிரிப்பான். அட்டையும் தகரமும் அவன் கண்ணுக்குத் தெரிந்துவிடும். சிரிக்கட்டும். ஆனால் விஞ்ஞானம் நிறைந்து கலை வறண்டுபோன ஒரு லோகம் என்ற அந்தக் கற்பனை இருக்கிறதே, அதைப் பார்த்துச் சிரிக்க முடியாது.

இனி, சமீப காலத்துப் படங்களுக்கு வருவோம்.

2015-ல் வந்த 'இன்று நேற்று நாளை' படத்தில், எதிர்காலத்திலிருந்து அனுப்பப்பட்ட கால யந்திரம் இரண்டு வாலிபர்களின் கையில் சிக்குகிறது. உலகத்தைக் காப்பாற்றவா புறப்பட்டார்கள்? இல்லை, காணாமற் போன சாமான்களைக் கண்டுபிடித்துச் சொல்லும் ஜோசியம் நடத்தப் புறப்பட்டார்கள்! நம் ஊரில் யார் கையில் கிடைத்தாலும் இதுதானே நடக்கும்? அப்புறம் அவர்கள் நேற்றைய தினத்தில் தெரியாமல் கை வைத்துவிட, செத்துப் போயிருக்க வேண்டிய முரடன் ஒருவன் உயிரோடு வந்து நிற்கிறான். செய்ததற்குப் பலன் உண்டு. இது குச்சி உள்ள ராக்கெட்.

2021-ல் வந்த 'மாநாடு' படத்தில் ஒரே நாள் திரும்பத் திரும்ப வருகிறது. கதாநாயகன் இறந்தால் மறுபடியும் அதே ஆகாய விமானத்தில் கண் விழிக்கிறான். அப்படியானால் அவனுக்குச் சாவைப் பற்றி என்ன கவலை என்று நீங்கள் கேட்கலாம். கவலை அவன் உயிரைப் பற்றியதல்ல; ஒரு கொலையையும் அதன் காரணமாக மூளக்கூடிய மதக் கலகத்தையும் தடுப்பதைப் பற்றியது. நம் தேசத்தில் தடுக்கத் தவறிய தினங்கள் எத்தனையோ உண்டு. 'அந்த நாள் மறுபடி வராதா?' என்று ஏங்காத நல்லவர் யார்? அந்த ஏக்கந்தான் இந்தப் படத்தை நேரே கொண்டு செலுத்துகிறது.

2024-ல் வந்த 'அயலான்' படத்தில் வேற்றுக் கிரகவாசி நம்மோடு சிநேகமாகிறார். குழந்தைகளுக்கு அவரைப் பிடித்துப் போயிற்று, எனக்கும் பிடித்தது. பூமியை ஆழத் தோண்டி விஷ வாயுவை எழுப்பும் பேராசைக்காரனைக் கண்டிப்பதும் நல்ல நோக்கமே. ஆனால் முடிவில் வழக்கமான சண்டை வந்து, அந்தச் சாதுவான விருந்தாளியையும் சண்டைக்காரராக்கிவிட்டது. இத்தனை கோடி மைல் தாண்டி வந்தவர், நம் ஸ்டண்டு நடிகர்கள் செய்வதையே செய்வதற்கு வந்திருக்க வேண்டாம்.

அதே வருஷம் தெலுங்கிலிருந்து 'கல்கி 2898 கி.பி.' வந்தது. வறண்டுபோன காசி நகரமும், பாரத யுத்தம் முடிந்தும் சாவில்லாமல் அலையும் அசுவத்தாமனும் மனத்தில் நிற்கிறார்கள். சாகாவரமே சாபமாகிவிட்ட அந்தக் கிழவனைப் பார்க்கும்போது, இதிகாசத்தை நம்மவர்கள் மறக்கவில்லை என்று சந்தோஷமாயிருக்கிறது. ஆனால் ஓயாத துப்பாக்கிச் சத்தத்தில் அவன் பெருமூச்சு நமக்குக் காதில் விழுவதில்லை.

மறுநாள் ராத்திரி, மருமகன் 2010-ல் வந்த 'எந்திரன்' படத்தைப் போட்டான். அண்ணாச்சியும் வந்திருந்தார். அதில் ஒரு கட்டம் நேயர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு கட்டிடம் தீப்பற்றி எரிகிறது. யந்திர மனிதன் உள்ளே புகுந்து ஒவ்வொருவராகத் தூக்கி வருகிறான். கடைசியில், குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து, காமிராக்களுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நிறுத்திவிடுகிறான். உயிரைக் காப்பாற்ற வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். மானம் என்று ஒன்று உண்டு என்பது தெரியாது. அவள் அவமானம் தாங்காமல் ஓடி, லாரியில் அடிபட்டுச் சாகிறாள்.

அந்த இடத்தில் அண்ணாச்சி எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். சிறிது நேரம் கழித்து நானும் போனேன்.

"நெருப்பிலேருந்து தூக்கிட்டு வந்தா மட்டும் போதாது, தம்பி" என்றார். "வெளியே வந்ததும் முதல்லே ஒரு துணியைப் போர்த்தணும். பொம்பளைப் பிள்ளைக உடுத்தின சேலை ஒட்டிப்போய்க் கிடக்கும்; உயிர் துடிக்கிறப்பவும் கை துணியைத்தான் தேடும். எங்க ஆலையிலே நான் போர்மேனா இருந்தவரைக்கும் என் அறையிலே நாலு வெள்ளை வேட்டி மடிச்சு வச்சிருப்பேன். உடுத்துறதுக்கில்லை."

நான் ஒன்றும் பேசவில்லை. 2012-ம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி, சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த விபத்தில் முப்பது பேருக்கு மேல் மாண்டார்கள். உதவி செய்ய ஓடி வந்தவர்களும் மாண்டவர்களில் உண்டு. அதற்கு முன்னும் விபத்துக்கள் நேர்ந்திருக்கின்றன, பின்னும் நேர்ந்திருக்கின்றன. ஓர் உராய்வு போதும். அதனால்தான் மருந்து அறையில் செருப்புக் கூடாது, இரும்புக் கருவி கூடாது, இத்தனை பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்றெல்லாம் விதிகள். தேசம் முழுதும் தீபாவளியன்று பார்த்துச் சந்தோஷப்படுகிற அதிசயம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இப்படி எண்ணி எண்ணி அடியெடுத்து வைக்கிற கைகளும் கால்களும் இருக்கின்றன. கம்ப்யூட்டரில் வெடிக்கிற வெடிக்கு லைசென்ஸும் வேண்டாம், விதியும் வேண்டாம். அதனாலேதான் அதற்குக் கனமும் இல்லை போலும்.

நெருப்பைப் படத்தில் காட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 'எந்திரன்' அந்தக் கட்டத்தில் காட்டிற்றே, அப்படிக் காட்டட்டும். யந்திரத்தின் பலத்தையும் காட்டியது. அந்தப் பலத்தால் எட்ட முடியாத ஒன்றையும் காட்டியது. நெருப்புக்கு அருகில் வாழ்க்கை நடத்திய ஒரு மனிதர் அதை மெய்யென்று ஒப்புக்கொண்டு எழுந்து போனார். ஒரு விஞ்ஞான விந்தைப் படத்துக்கு இதைவிடப் பெரிய நற்சாட்சிப் பத்திரம் எந்தச் சங்கத்தார் கொடுக்கப் போகிறார்கள்?

நம் படத் தொழிலில் இன்று யந்திர சாமர்த்தியத்துக்குக் குறைவில்லை. மேல்நாட்டார் செய்வதை நம் பிள்ளைகளும் செய்கிறார்கள். பெருமைப்பட வேண்டிய விஷயந்தான். 1922-ல் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இரண்டு இளைஞர்கள் சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யும் வித்தையைக் கற்று வந்தார்கள். வித்தை வெளியூரிலிருந்து வந்தது. அதைக் கொண்டு ஏற்றிய விளக்கு நம்முடையது. படம் பிடிப்பவர்களும் அப்படியே வித்தையை எங்கிருந்து வேண்டுமானாலும் கற்கட்டும். கதையை மட்டும் இந்த மண்ணின் திண்ணையிலிருந்து எடுக்கட்டும். இல்லாவிட்டால் 'கலை அரசி'யில் வந்த அந்தக் கிரகம் எங்கேயோ ஆகாயத்தில் இராது, கோடம்பாக்கத்திலேயே இருக்கும். அப்புறம் கதை சொல்லத் தெரிந்த ஒருவரை அவர்கள் எந்த லோகத்திலிருந்து தூக்கி வருவது?

ஊருக்குப் புறப்படுகிற அன்று சாயங்காலம், மருமகன் மொட்டை மாடியில் ஒரு வெற்றுப் பாட்டிலை வைத்து, அதில் ஒரு ராக்கெட்டைச் செருகினான். அண்ணாச்சி குச்சியைத் தொட்டுப் பார்த்து, கொஞ்சம் நிமிர்த்தி வைத்தார். திரி எரிந்தது. அது நேரே மேலே போயிற்று.

நாங்கள் மூவரும் காதைப் பொத்திக்கொண்டோம்.